கிளமென்ட் புரோட்டஸ்டன்ட் ஆன கதை

வாங்க பாய், உக்காருங்க. உங்க சீட்ட யாருக்கும் விடல. நீங்க தண்ணி பிடிக்கப் போனப்ப ஒரு அம்மா வந்து உக்காரப் பாத்துச்சு, ஆள் இருக்குன்னுட்டேன். ரசூல்னுதானே சொன்னீங்க? நான் கிளமென்ட்டு. ஓரத்து சீட்டு எனக்கு வேணும் பாய், அடிக்கடி எந்திரிச்சுப் போவேன்.

டாக்டர்கிட்ட நீங்க வந்தது கிட்னிக் கல்லுக்குத்தானே? கொடுத்து வச்சவரு. கல்லுன்னா பஸ்ஸுல பக்கத்துல உக்காந்திருக்கறவன்கிட்டகூடச் சொல்லலாம். வாழைத்தண்டு சாறு குடிங்கன்னுட்டு அவன் பாட்டுக்கு இறங்கிப் போயிருவான். எனக்கு வந்திருக்கறது அப்படி இல்ல. புரோஸ்டேட்டு, மூத்திரப்பைக்கு அடியில இருக்கற சுரப்பி. அதுல கேன்சர்.

அட, முகத்த அப்படி வச்சுக்காதீங்க. சதையக் கிள்ளி எடுத்து மார்க்கெல்லாம் போட்டிருக்காங்க பாய். பத்துக்கு ஏழு. பள்ளிக்கூடத்துலயும் சரி, பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல முப்பத்தாறு வருஷம் ஃபிட்டரா இருந்தப்பவும் சரி, எனக்கு எவனும் பத்துக்கு ஏழு போட்டதில்ல.

டாக்டர் தங்கமான மனுஷன். மருந்துச் சீட்டத் திருப்பிப் போட்டு ஒரு படம் வரைஞ்சாரு, கொய்யாக்கா மாதிரி இருந்துச்சு. இதுக்குள்ளதான் இருக்கு, வெளிய எங்கயும் போகல, அடிச்சுப் பிடிச்சு ஓட வேணாம்னாரு. மூணு வழி இருக்காம். அறுத்து எடுத்துரலாம். இல்ல கரண்டு வைக்கலாம், கூடவே ஊசியும் போடணும். அதுவும் வேணாம்னா ஒண்ணும் பண்ணாம, மூணு மாசத்துக்கு ஒருக்கா ரத்தத்த எடுத்துப் பாத்துக்கிட்டே இருக்கலாம். யோசிச்சு நீங்களே சொல்லுங்கங்கறாரு. ஏன் பாய், ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு ரயில் பெட்டி வந்தா, உனக்கு வெல்டிங் வைக்கவா, தகடு மாத்தவா, இல்ல இப்படியே ஓடிக்கிறியான்னு அதுகிட்டயா கேப்போம்?

கேட்டேனே. அறுத்தா ஒண்ணுக்குக் கசியுமாம். கரண்டுன்னா வயிறு கலக்குமாம். எதப் பண்ணுனாலும் அந்த விஷயம் போனாலும் போயிரும்னாரு. எந்த விஷயம்னு நான் கேக்கல. அவரே தலையக் குனிஞ்சுக்கிட்டு, சம்சார வாழ்க்கையெல்லாம் எப்படின்னாரு. சார், நான் ரிட்டயர் ஆகறதுக்கு முன்னாடியே அது ரிட்டயர் ஆயிருச்சுன்னேன். நர்ஸு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு சிரிக்குது. பொய்தான் பாய். மத்தவனெல்லாம் அந்த எடத்துல கூட்டிச் சொல்லுவான். நான் குறைச்சுச் சொல்லிட்டு வந்திருக்கேன்.

ஸ்ரீரங்கத்துல ரத்தினவேலுன்னு எங்கூட வேல பாத்தவன் இருக்கான், அம்மாமண்டபம் ரோட்டுல வீடு. ரெண்டு வருஷம் முன்னாடி இதே ஆபரேஷன் பண்ணிக்கிட்டவன். நேர்ல பாத்தா ஒரு முடிவுக்கு வரலாமேன்னு போனேன். பண்ணிக்கடா, பேஷா இருக்கேன்னான். நான் ஒரு காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள ரெண்டு வேட்டி மாத்திட்டான். ஆனா ஆளு உசுரோட இருக்காரேங்கறீங்களா? அதுவும் சரிதான். திரும்பி வர்றப்ப காவேரிப் பாலம் தாண்டறதுக்குள்ள மூணு தடவ மனச மாத்திக்கிட்டேன்.

வீட்டுலயா? வீட்டுல எல்லாருக்கும் தெரியும் பாய், நான் மதம் மாறப்போறேன்னு.

சிரிங்க, தப்பில்ல. நாங்க ஆர்.சி., கத்தோலிக்கக் கோயிலு. போன மாசம் மொட்டை மாடியில நின்னு லேபுக்காரங்ககிட்ட போன்ல பேசிக்கிட்டிருந்தேன். ஆமாங்க, புரோஸ்டேட்தான், இன்னும் முடிவு பண்ணல, வீட்டுல யாருக்கும் தெரியாதுன்னு. பக்கத்து மாடியில எங்க கொழுந்தியா பாக்கியமேரி துணி காயப்போட்டுக்கிட்டு இருந்திருக்கு. அதுக்கு ஒரு காது மந்தம். புரோஸ்டேட்ட அது எங்க கண்டுச்சு? அதுக்குத் தெரிஞ்சது புரோட்டஸ்டன்ட்டு. மச்சான் புரோட்டஸ்டன்ட்டுக்குப் போறாராம், யாருக்கும் தெரியாதாமுன்னு நேரா எங்க வீட்டம்மா அமலராணிகிட்ட ஓடிருச்சு. அதுக்கு சாட்சியும் இருக்கு பாருங்க. நாலு வாரமா கோயில்ல பிரசங்கம் ஆரம்பிச்ச ஒடனே நான் எந்திரிச்சு வெளிய போயிடறேன். ஒண்ணுக்குத்தான் போறேன். ஆனா பாக்கறவங்களுக்கு, ஃபாதர் பேசறது எனக்குப் பிடிக்கலன்னு.

அடுத்த வாரமே பிராங்க்ளின் ஃபாதர் வீட்டுக்கு வந்துட்டாரு. மாதாவ விட்டுட்டுப் போக எப்படிங்க மனசு வந்துச்சு, அந்தப் பக்கம் அப்படி என்ன தர்றேன்னாங்கன்னு முக்கா மணி நேரம். நடுவுல நான் மூணு தடவ பாத்ரூம் போயிட்டு வந்தேன். மனசாட்சி உறுத்துதும்மா அவருக்கு, வந்துருவாருன்னு அமலராணிகிட்ட ஆறுதல் சொல்லிட்டுப் போனாராம்.

சொல்லிருக்கலாந்தான். வாயையும் எடுத்தேன். அவ கதவப் பிடிச்சுக்கிட்டு நின்னு அழுதுக்கிட்டிருந்தா. அப்பத்தான் தோணுச்சு. இந்த அழுகைய நிறுத்தணும்னா, ஒரு ஞாயித்துக்கிழமை பிரசங்கம் முடியற வரைக்கும் நான் அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தா போதும். கேன்சர்னு தெரிஞ்சா அழுவாளே, அந்த அழுகைய எத வச்சு நிறுத்தறது? சரி ஃபாதர், யோசிக்கிறேன்னுட்டேன்.

இப்ப பூண்டி மாதாவுக்கு நேந்திருக்கா. நான் மனசு மாறிட்டா என் உசரத்துக்கு மெழுகுவர்த்தி. நேத்து மத்தியானம் நான் தூங்கறேன்னு நினைச்சுக்கிட்டு தலைலேருந்து கால் வரைக்கும் நூல் பிடிச்சு அளக்கறா. சவப்பெட்டிக்கும் இதே அளவுதான், நூல பத்திரமா வச்சுக்கன்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அசையாம படுத்திருந்தேன்.

பொண்ணா? மஸ்கட்ல இருக்கு. அதுகிட்டச் சொன்னா அடுத்த நிமிஷம் அவங்கம்மாவுக்குப் போயிரும். டாக்டரும் விடமாட்டேங்கறாரு. ரெண்டு தடவ தனியா வந்துட்டீங்க, இனிமே வீட்டாள் ஒருத்தர் வராம நான் தேதி குடுக்க மாட்டேன்னு போன வாரமே சொல்லிட்டாரு.

டோக்கன் இருபத்தாறு உள்ள போயிருக்கு. அடுத்தது நான். உங்களுக்கு முப்பத்தொண்ணுதானே, நேரம் கெடக்கு.

நீங்க தண்ணி பிடிக்கப் போனப்ப நர்ஸு வந்துச்சு பாய். துணைக்கு ஆள் வந்திருக்கான்னு கேட்டுச்சு. தம்பி வந்திருக்காருன்னு சொன்னேன். பேரு கேட்டுச்சு, ரசூல்னேன். கிளமென்ட்டுக்குத் தம்பி ரசூலான்னு ஒரு மாதிரி பாத்துட்டு எழுதிக்கிச்சு. வீட்டுக்கு ஒருத்தரா மதம் மாறுவாங்க போலன்னு நினைச்சிருக்கும்.

பயப்படாதீங்க, கையெழுத்தெல்லாம் நான் போட்டுக்கிறேன். அறுக்கறதா கரண்டாங்கறதையும் நானே பேசிக்கிறேன். நீங்க ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டாப் போதும். எங்கண்ணன் பொழைச்சுருவாரான்னு. ரெண்டு தடவ உள்ள போயும் அது ஒண்ணு மட்டும் எனக்குக் கேக்க வரல.

இந்தா, கூப்பிட்டுட்டாங்க. தொப்பியா? அது பாட்டுக்கு இருக்கட்டும். வாங்க தம்பி.