வெள்ளைக் கோட்டில் துருக்கறை

எங்கள் வீட்டுக் கிணற்று நீர் பார்ப்பதற்குக் கண்ணாடி மாதிரி இருக்கும், சார். அதில் கரைந்திருக்கும் இரும்பு கண்ணுக்குத் தெரியாது. காற்றுப் பட்டு, நேரம் போகப் போகத்தான் துரு நிறம் காட்டும். அதற்காகவே சமையலறைக்குப் பின்னால் வடிகட்டி வைத்திருந்தோம். பக்கத்தில் ஒரு வால்வு. அதைத் திருப்பினால் தண்ணீர் வடிகட்டிக்குள் போகாமல் நேராகக் குழாய்க்கு வந்துவிடும். என் மனைவிக்கு அது தெரியாது. வீட்டு ரிப்பேர் வேலையெல்லாம் என் பொறுப்பு.

அவள் பேக்கரியில் கேக் அலங்கரிப்பவள். வெள்ளைக் கோட்டு போட்டுத்தான் வேலை. கல்யாணமான புதிதில், வேலை முடிந்ததும் ஓட்டமாய் வீட்டுக்கு வருவாள். மேற்பார்வைப் பொறுப்பு கொடுத்த பிறகு தாமதமானது. வந்த பிறகும் அங்கே யாரோ அடித்த ஜோக்கை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொள்வாள்.

நான் கோபக்காரன் அல்ல. கை நீட்டியதே இல்லை. அவள் துணி துவைக்கும்போது மட்டும் வால்வைத் திருப்பினேன்.

கோட்டுகள் பழுப்பேறின. ப்ளீச் ஊற்றினால் இரும்புக் கறை இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும். அது தெரிந்துதான் வாங்கிக் கொடுத்தேன்.

"என் சட்டைய நான்தானே துவைக்கிறேன், பளிச்சுன்னு இருக்கு பாரு. உன் கையிலதான் ஏதோ கோளாறு."

"என் வேர்வையா இருக்குமாங்க?"

"இருக்கும்மா."

அதன் பிறகு தோல் உரியும்வரை கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். என்னைத் தொடவே கூசினாள். பேக்கரியில் அவளை க்ரீம் பக்கமே விடாமல் அட்டைப் பெட்டி மடிக்க உட்கார வைத்தார்கள். கடைசியில் முதலாளி, "நாளைக்குச் சுத்தமான கோட்டோட வா, இல்லன்னா வராதே" என்று சொல்லிவிட்டார்.

துரு நீக்கும் அமிலமும் ஒரு பாட்டில் வாங்கி, ப்ளீச்சுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். இரண்டும் கலந்தால் விஷப்புகை வரும் என்று பாட்டிலில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. நான் படித்தேன். அவள் படிக்கிற நிலையில் இல்லை.

அன்று ராத்திரி கோட்டோடு குளியலறைக்குள் போனவள் இரண்டையும் ஊற்றியிருக்கிறாள்; உள்ளேயிருந்து இருமல் கேட்டது. "ஏங்க... கதவு..." என்றாள். தாழ்ப்பாளைத் திறக்க அவளுக்குத் தெம்பில்லை. நான் எழுந்து பின்பக்கம் போனேன். வால்வைப் பழையபடி திருப்பி வைத்தேன். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டேன். அப்புறம் வந்து கதவை உடைத்தேன்.

கொல்லப் பார்த்தாயா என்று கேட்கிறீர்கள். கொல்ல நினைப்பவன் கதவை உடைப்பானா, சார்? நுரையீரல் வெந்துவிட்டதாம். இனி நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குமாம், வேலைக்கெல்லாம் போக முடியாதாம். போகட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். அவளுக்கென்று ஜன்னலோரமாக ஒரு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறேன்.

என் குரல் கேட்டாலே கட்டிலின் மறுபக்கம் ஒடுங்கிக்கொள்கிறாள் என்று நர்ஸ் சொன்னார். அது மருந்தின் மயக்கம். தெளிந்ததும் முதலில் என்னைத்தான் தேடுவாள்.