விலக்குப் பட்டியலில் அக்கா தெரு

ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றினால் எனக்குப் பொறுக்காது. இங்கே விசாரணைக்கு வரும் வழியில்கூட உங்கள் வராந்தாவில் இரண்டை அணைத்துவிட்டுத்தான் வந்தேன்.

மின்விநியோகம் தனியார் கைக்கு வந்த நாள் முதல் வாடிக்கையாளர் நலப் பிரிவுக்கு நான்தான் தலைவர். அரசாங்கம் நடத்திய காலத்தில் கரண்ட் சொல்லாமல் கொள்ளாமல் போகும். நாங்கள் வருத்தம் தெரிவித்துக் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுத்தான் நிறுத்துவோம். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

கோடையில் எந்தத் தெருவில் எவ்வளவு நேரம் நிறுத்துவது என்று தினமும் காலையில் பட்டியல் போடுவது என் வேலை. வீட்டில் சுவாசக் கருவி வைத்திருக்கும் நோயாளிகளின் தெருக்களுக்கு விலக்கு உண்டு. அத்தானுக்கு நுரையீரல் கெட்டு இரண்டு வருடமாகக் கருவியால்தான் மூச்சு. மருத்துவச் சான்றிதழ் வாங்கி, முறைப்படி அக்கா தெருவுக்கும் விலக்கு கொடுத்திருந்தோம்.

அப்போது நேர்மையான நிறுவனத்துக்கான விருதுக்கு எங்களைப் பரிசீலித்துக்கொண்டிருந்தார்கள். லிஃப்டில் மேலாளர் சிரித்துக்கொண்டே, "உங்க அக்கா தெருவுல மட்டும் கரண்டே போறதில்லையாமே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடத்தில் என்னை நோக்கி ஒருவரும் விரல் நீட்டியதில்லை. அன்றே அந்தத் தெருவை விலக்கிலிருந்து எடுத்தேன்.

மறுநாள் மதியம் அக்கா போன் செய்தாள். பின்னால் கருவி விடாமல் கீச்சிட்டது.

"டேய், மெஷின் கத்துது. ஆம்புலன்ஸ் வர அரை மணியாகுமாம். அதுவரைக்குமாவது கரண்ட் விடுடா."

"கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணுக்கா. எல்லாருக்கும் அதான் வழி."

பண்ணியிருக்கிறாள். வரிசையில் நாற்பத்தோராவது ஆள். 'நீங்கள் எங்களுக்கு மதிப்புமிக்கவர்' என்று பதிவுக்குரல் சொல்லிக்கொண்டே இருந்திருக்கும். அந்த வாசகத்தை எழுதியவன் நான். ஆம்புலன்ஸ் வந்தபோது அத்தான் போய்விட்டார்.

விழுந்து புரண்டு அழுதேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. விருது கிடைத்தது, உறவென்றும் பாராத அதிகாரி என்று மேடையில் என்னைத் தனியாகக் குறிப்பிட்டார்கள். அக்கா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கோபம் ஆறினால் புரிந்துகொள்வாள்.

கருவியின் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். வாங்கிக் கொடுத்ததே நான்தான். இரண்டு மணி நேரம்.

அன்று மற்ற தெருக்களில் ஒரு மணி நேரம்தான் நிறுத்தினோம். அக்கா தெருவுக்கு மட்டும் என் கையாலேயே மூன்று மணி நேரம் என்று எழுதினேன். எல்லாரையும் போல ஒரு மணி நேரம் என்று எழுதியிருந்தால், தம்பி சலுகை காட்டிவிட்டான் என்றுதானே பேசியிருப்பார்கள்.