கேள்விக்குறி போடாத ஒரு வரி

மேடையில் வீற்றிருக்கும் ஆய்வகத் தலைவர் அவர்களே, மருத்துவமனையின் தலைமை மருத்துவர் அவர்களே, தங்கை டாக்டரம்மாவைப் பறிகொடுத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் அண்ணன் அவர்களே, என்னோடு ஒரே அறையில் வேலை பார்க்கும் பிள்ளைகளே, சோதனைக்காக விரல் நீட்டிய நல்லவர்களே, எல்லாருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் டாக்டரம்மா வாங்கிய பட்டங்களைச் சொன்னார்கள். எனக்கு அவற்றின் பெயர்கூட வாயில் நுழையாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கண்ணாடிக் குப்பி கழுவ வந்து, பத்தொன்பது வருஷம் அந்த அறையிலேயே இருந்துவிட்டவள். என்னை மேடைக்கு அழைத்தவர் "தங்கக் கைப் பாட்டி" என்று சொல்லி அழைத்தார். நீங்களும் கை தட்டினீர்கள். அந்தக் கையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

டாக்டரம்மா யார்? ஊரே "காகித டாக்டர்" என்று கூப்பிட்ட மகராசி யார்? அவர் செய்த வேலையை எனக்கு எப்படிப் புரியவைத்தார் தெரியுமா? ஓர் ஆப்பிளை வெட்டி மேசையில் வைத்துவிட்டுப் போனார். அரை மணி கழித்து வந்து காட்டினார். வெட்டிய இடம் பழுப்பேறியிருந்தது. "நம்ம உடம்புக்குள்ளயும் இது நடக்குது பாட்டிம்மா. அதைத் தடுக்கிற சத்து ரத்தத்துல இருக்கு. ஒருத்தருக்கு அது எவ்வளவு இருக்குன்னு பார்க்கத்தான் இந்தக் காகிதம்" என்றார். ஆன்டிஆக்சிடன்ட் என்ற அந்தப் பெயரை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிப் பழகினேன்.

அதை அளக்கும் இயந்திரம் பெரிய மருத்துவமனையில் ஒன்றுதான் உண்டு. ஒரு அலமாரி அளவு இருக்கும். டாக்டரம்மா செய்தது சட்டைப் பித்தான் அளவுள்ள ஒரு காகித வில்லை. நீலச் சாயம் ஏற்றியது. ஒரு சொட்டு ரத்தம் விட்டால், சிவப்பை மேல்காகிதம் பிடித்துக்கொள்ளும், தெளிந்த நீர் மட்டும் கீழே இறங்கும். சத்து அதிகமிருந்தால் நீலம் வெளுக்கும், குறைவாக இருந்தால் அப்படியே நிற்கும். ஒரு தீப்பெட்டி விலைகூட ஆகாது. இயந்திரத்தைக் கண்ணால் பார்த்திராத சனங்களுக்காக அவர் ஏழு வருஷம் உட்கார்ந்து செய்தது அது.

காய்ந்த வில்லைகளை எடுத்து உறையில் போடுவது என் வேலை. கையுறை போட்டுக்கொண்டுதான் எடுக்க வேண்டும். சுவரில் எழுதி ஒட்டியிருக்கும், எனக்கும் படிக்கத் தெரியும். ஆனால் கையுறை எனக்குப் பெரிது. விரல் நுனி தொங்கும், வில்லை ஒட்டிக்கொண்டு வராது. அதைப் போட்டுக்கொண்டு எடுத்தால் மணிக்கு நூறு. கழற்றிவிட்டு எடுத்தால் முந்நூறு. வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் டாக்டரம்மா என்னைக் காட்டி, "இவங்க கை வேகம் எங்க மெஷினுக்கே வராது" என்பார். எனக்குத் தலை கால் புரியாது. யாரும் பார்க்காதபோது கழற்றிவிடுவேன். முந்நூறு என்ற பேரைக் காப்பாற்ற வேண்டாமா?

அன்றைக்கு என் பேத்தி நர்ஸ் படிப்பில் முதலாவதாக வந்த சேதியோடு ஒரு பை ஆரஞ்சும் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு நேரத்தில் வந்தாள். நான் பெற்ற பெருமை சொல்லி மாளாது. என் கையாலேயே உரித்து எல்லாருக்கும் கொடுத்தேன். டாக்டரம்மாவுக்கு ஒரு சுளை. அதை வாயில் போட்டுக்கொண்டு அவர் என்ன சொன்னார்? "இந்தச் சாறு நம்ம வில்லை மேல பட்டா அப்படியே வெளுத்துடும் பாட்டிம்மா. இதுல இருக்கிறதும் அதே சத்துதான்." எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, பேத்தியைப் பற்றியே நினைத்தபடி போய் உட்கார்ந்து, வெறுங்கையால் வில்லைகளை உறையில் போட்டேன்.

மறுநாள் காலை பார்த்தபோது பதினொரு வில்லையில் லேசான வெள்ளைத் தடம். என் கட்டைவிரல் அகலம். அந்தப் பதினொன்றையும் சாப்பாட்டு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். மற்றதெல்லாம் கண்ணுக்கு நீலமாகத்தான் இருந்தது. அதனால் வாயைத் திறக்கவில்லை.

அந்த உறைகளை அடுக்கிய பெட்டிதான் மருத்துவமனைச் சோதனைக்குப் போனது. நாற்பது பேர். சிறுநீரகம் கெட்டு வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் பண்ணும் இயந்திரத்தில் படுப்பவர்கள் அதில் பாதிப் பேர். அவர்கள் ரத்தத்தில் அந்தச் சத்து குறைவு என்று அலமாரி இயந்திரம் சொன்னது. எங்கள் வில்லை எல்லாருக்கும் அதிகம் என்று சொன்னது.

அதைப் பற்றிப் பேசக் கூடிய கூட்டத்தில் நான் தண்ணீர்த் தட்டோடு நின்றிருந்தேன். தலைமை மருத்துவர் ஐயா, நீங்கள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "உங்க காகிதம் என் நோயாளி எல்லாரையும் குணமாக்கிடுச்சு டாக்டர். இனிமே நான் கடையைக் கட்டிட்டுப் போகலாம்." எல்லாரும் சிரித்தார்கள். டாக்டரம்மாவும் சிரித்தார். திரும்பி வந்து, கழுவி வைத்திருந்த குப்பிகளையே மறுபடி எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

புதிதாகச் செய்த வில்லைகள் சரியாகவே வேலை செய்தன. ஏனென்றால் அந்த நாளுக்குப் பிறகு பயத்தில் நான் கையுறையைக் கழற்றவே இல்லை. ஆனாலும் நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை, சோதனையை நிறுத்தச் சொல்லிக் கடிதம் அனுப்பினீர்கள். ஒரு பெட்டி ஏன் பொய் சொன்னது என்று தெரியாமல் மற்ற பெட்டியை எப்படி நம்பி நோயாளி கையில் கொடுப்பது என்று கேட்டீர்கள். அது நியாயமான கேள்வி ஐயா. பதில் தெரிந்தவள் தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன்.

ஒருநாள் டாக்டரம்மா நோட்டும் பேனாவுமாக என்னிடம் வந்தார். அதட்டிக் கேட்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு என் அருகில் உட்கார்ந்தார்.

"பாட்டிம்மா, அந்தப் பெட்டிக்குக் கையுறை போட்டுத்தானே எடுத்தீங்க?"

"ஆமாம்மா. போடாம எடுப்பேனா?"

"சரி பாட்டிம்மா."

அவ்வளவுதான் பேச்சு. நோட்டில் ஏதோ ஒரு வரியைக் கோடு போட்டு அடித்தார், எழுந்து போய்விட்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வேலை போய்விடும் என்றா? இல்லை. டாக்டரம்மா யாரையும் அனுப்புகிறவர் அல்ல. தங்கக் கை என்ற பேர் போய்விடும் என்று சொன்னேன். பேத்தியிடம் "உன் பாட்டி தொட்ட காகிதம்தான் ரத்தத்தைப் படிக்குது" என்று பீற்றிக்கொண்டதெல்லாம் பொய்யாகிவிடும் என்று சொன்னேன். அதன்பின் பதினாலு மாசம் அவர் தண்ணீரை மாற்றினார், சாயத்தை மாற்றினார், அடுப்பை மாற்றினார், காகிதம் வாங்கிய கடையை மாற்றினார். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நான் தள்ளிப்போட்டேன். போன மாதம் காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இனி யாரிடம் சொல்வேன்?

போன வாரம் அண்ணன் அந்த நோட்டை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார். தலைவரிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பெட்டி கெட்டதற்கு என்னென்ன காரணம் இருக்கலாம் என்று பதினேழு எழுதியிருக்கிறார். அதில் பதினாறு வரிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி. தண்ணீருக்குக் கேள்விக்குறி, அடுப்புக்குக் கேள்விக்குறி, "என் கணக்கு" என்று தன் பேரிலேயே ஒரு கேள்விக்குறி. முதல் வரியில் மட்டும் "கை" என்று எழுதி அடித்திருக்கிறார். பக்கத்தில், "பாட்டிம்மா போட்டதாகச் சொன்னார்."

தன்னையே சந்தேகப்பட்ட மனுஷி, என் சொல்லைச் சந்தேகப்படவில்லை. அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று என் பேத்திக்குத் தெரியும். காரணம் அவளுக்குத் தெரியாது. இப்போது கடைசி வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். நீ தலை குனியாதே அம்மா. குனிய வேண்டியவள் மேடையில் நிற்கிறாள்.

தலைமை மருத்துவர் ஐயா, இதோ அந்த டப்பா. பதினொரு வில்லையும் உள்ளே இருக்கின்றன, தடம் இன்னும் தெரிகிறது. என் வாய்ச் சொல்லை நம்ப வேண்டாம். நம்பியவர் பட்டது போதும். நாளைக் காலை ஒன்பது மணிக்கு எங்கள் அறைக்கு வாருங்கள். இருபது வில்லையைக் கையுறையோடு எடுக்கிறேன். இருபதை ஆரஞ்சு உரித்த கையோடு எடுக்கிறேன். ஒரு நாள் வைத்திருந்து, ஒரே ரத்தத்தை இரண்டிலும் விட்டு நீங்களே பாருங்கள். முதல் சொட்டு என் விரலிலிருந்து எடுங்கள். காகிதம் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தால், டாக்டரம்மாவின் சோதனையை நிறுத்தி வைத்த அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். அவர் விட்ட இடத்திலிருந்து இந்தப் பிள்ளைகள் தொடர்வார்கள். நான் மணிக்கு நூறுதான் எடுப்பேன். அதற்குமேல் ஒன்றுகூட எடுக்க மாட்டேன்.

ஆய்வகத் தலைவரிடம் ஒன்று கேட்டிருக்கிறேன். அவர் சரி என்றிருக்கிறார். சோதனை முடிந்ததும் அந்த நோட்டை என்னிடம் தருவார். என் எழுத்து கோணல்தான். ஆனாலும் அடித்திருக்கும் அந்த முதல் வரிக்குக் கீழே, "கை" என்று நானே திரும்ப எழுதுவேன்.