நாற்பத்தொன்றாவது தகடு

என் கையெழுத்து உங்கள் வீட்டிலும் இருக்கலாம், சார். தண்டையார்பேட்டையில் வாங்கிய சில்வர் டம்ளர் ஏதாவது இருந்தால் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். கல்யாணப் பாத்திரம், காதுகுத்துச் சொம்பு, செத்தவர் நினைவாகக் கொடுக்கிற தட்டு என்று இருபத்திரண்டு வருஷம் ஆறுமுகநயினார் பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து பெயர் வெட்டினேன். கரண்டுப் பேனாவை வைத்தால் டர்ரென்று ஓடும். அதற்கு மூளை வேண்டாம். இனிஷியலை மாற்றி வெட்டிவிட்டேன் என்று ஒருத்தர்கூடச் சண்டைக்கு வந்ததில்லை. செங்குட்டுவன் ரொம்பப் பொறுமைசாலி என்று முதலாளியே சொல்வார். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ராயபுரத்தில் மெர்லின் அக்கா பட்டறையில் கைவேலை பழக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். சர்ச்சுக்கு வேண்டிய விளக்கும் கிண்ணமும் செய்கிற இடம். உள்ளங்கை அளவு பித்தளைத் தகட்டில் கொடிச் சுருள் வெட்டக் கொடுத்தார். தகட்டை ஓர் இரும்புக் குண்டின்மேல் பூட்டியிருப்பார்கள், குண்டு சுழலும். வலது கையில் உளி. சுருளுக்குச் சுருள் உளியைத் திருப்பக் கூடாது. அது நின்ற இடத்தில் நிற்க வேண்டும். இடது கைதான் தகட்டைச் சுழற்றிக்கொடுக்க வேண்டும். கேட்க லேசாக இருக்கும். என் முதல் பத்துத் தகடும் கோழி கிளறின குப்பைமேடுதான்.

என்னோடு சேர்ந்து பழகியவன் அஜின். துறைமுகத்தில் வெல்டராக இருந்தவன். கை சுத்தம், வாய் மட்டும் ஓயாது. “இன்னா மாமு, இது கொடியா, எறா மீசையா?” என்பான். நானும் சிரிப்பேன். அவன் வீட்டு நெத்திலி வறுவலில் பாதி என் டப்பாவுக்கு வந்துவிடும். அவனை எனக்குப் பிடிக்காது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அது பச்சைப் பொய்.

ஆடி மாதம் அக்கா சொன்னார்: பட்டறையில் நிரந்தர வேலைக்கு ஒரு மேசைதான் காலி. திங்கட்கிழமை நாலு மணிக்கு ஆளுக்கொரு தகடு கொடுங்கள். எது நன்றாக இருக்கிறதோ, அவருக்கு அந்த மேசை. மற்றவர் பழைய வேலைக்குத் திரும்பலாம் என்று அவர் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொண்டேன். அந்த டர்ர் சத்தம் எனக்குத் தூக்கத்திலும் கேட்கிறது, சார். வயது ஐம்பது. இனி எனக்கு இன்னொரு மேசை வராது.

நாற்பத்தொன்றாவது தகட்டைப் பதினொரு நாள் வெட்டினேன். வெட்டும்போது பித்தளையின் பளபளப்பில் எதுவும் சரியாகத் தெரியாது. கறுப்பு மையைத் தேய்த்துத் துடைத்தால்தான் பள்ளத்தில் மை தங்கி, செய்த நல்லதும் கெட்டதும் கண்ணுக்கு வரும். பயந்துகொண்டு மை தடவுவதைக் கடைசிவரை தள்ளிப்போடுவது கற்றுக்குட்டிகளின் வழக்கம். நானும் திங்கட்கிழமை மதியம் ஒரு மணிக்குத்தான் தடவினேன். நடுச்சுருளின் குறுக்கே சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கீறல் இருந்தது.

எனக்கு வயிறு எரிந்தது, மறைக்கவில்லை. காலையில் நான் டீ குடித்துவிட்டு வந்தபோது என் மேசையில் அஜின் உட்கார்ந்திருந்தான். அக்கா பாரிமுனைக்குப் போயிருந்தார். பட்டறையில் நாங்கள் இருவர்தான். அவனைக் கூப்பிட்டுக் கீறலைக் காட்டினேன்.

“அய்ய, உளி வழுக்கிகீது மாமு. இன்னாத்துக்குப் பேஜாராவுற? அத்த ஒரு எலையா இஸ்த்து வுட்டா முடிஞ்சிது. முக்கா மணி நேரம் ஆவும், அவ்ளோதான்.”

“காலைல என் டேபிள்ல குந்திகினு இன்னா பண்ணிகினு இருந்த?”

“லென்ஸு எடுக்க வந்தேன்பா. வா, துன்னுட்டுப் பாக்கலாம்.”

சொல்லிவிட்டுத் திரும்பி உட்கார்ந்து டப்பாவைத் திறந்தான். நான் கதவைத் தாழிட்டேன். சுத்தியலால் பின்மண்டையில் ஒரு அடி. விழவில்லை, “மாமு?” என்று ஏதோ கேட்கிறவன் மாதிரிச் சொன்னான். இரண்டாவதில் விழுந்தான். அப்புறம் கழுத்தில் உளியை வைத்தேன். உளியை நான் அசைக்கவே இல்லை. இடது கையால் அவன் தலையைப் பிடித்துத் திருப்பினேன். பழக்கம் அப்படி. திக்காமல், வழுக்காமல், ஒரே வீச்சில் வந்தது. நாற்பத்தொரு தகட்டிலும் அப்படியொரு வளைவு எனக்கு வந்ததில்லை. கொடி வேலையில் ஆழம் போகக் கூடாது; போகவும் இல்லை. அதனால்தான் அவனுக்கு நேரம் பிடித்தது.

நெத்திலி தரையெல்லாம் சிதறிக் கிடந்தது. பொறுக்கி டப்பாவில் போட்டு மூடினேன். கை கழுவினேன். பிறகுதான் லென்ஸை வைத்துக் கீறலைப் பார்த்தேன். என் உளியின் முனையில் ஒரு சின்னப் பொக்கை உண்டு. நான் வெட்டுகிற ஒவ்வொரு பள்ளத்தின் அடியிலும் மயிரிழை போல ஒரு கோடு விழும். அஜின் உளியில் அது கிடையாது. அந்தக் கீறலின் அடியில் கோடு இருந்தது. வழுக்கியது என் கைதான்.

போன் என் சட்டைப்பையில் இருந்தது. ஆஸ்பத்திரி தெருமுனையிலேயே இருக்கிறது. அஜின் விரல் நகம் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தது. மணி ஒன்றே முக்கால். நாலு மணிக்குத் தகடு கொடுக்க வேண்டும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவன் சொன்ன மாதிரியே கீறலை இலையாக இழுத்துவிட்டேன். முக்கால் மணி என்றான். நரம்புகளும் போட்டதால் எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. நடுவில் எப்போதோ அந்தச் சுரண்டல் நின்றிருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

தகடு உங்கள் முன்னால் அந்த உறைக்குள் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கீறல் எங்கே இருந்தது என்று உங்களால் சொல்ல முடியாது. மெர்லின் அக்கா அதைப் பார்க்கவே இல்லை. நாலு மணிக்கு வந்தார், கதவைத் திறந்துவிட்டேன், தகட்டை நீட்டினேன். அவர் தரையைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஓடிவிட்டார். அதுதான் எனக்கு மனசு ஆறவில்லை.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். அஜினை நான்தான் கொன்றேன். காரணம் கேட்டிருக்கிற இடத்தில், ஆத்திரம் கண்ணை மறைத்துவிட்டது என்று போடுங்கள்.