உப்பில்லாத் தீனி

– இன்னுமா அந்த மைக்ராஸ்கோப்புக் கண்ணாடிக்குள்ளயே பாத்துட்டிருக்கீங்க, அம்மணி? டிபன் பாக்ஸ தொறக்கவே இல்லீங்களே.

– எனக்கு எதுவும் இறங்காது சுப்பண்ணா. சாயங்காலம் என் கைடு செலஸ்டின் சார் வர்றார். என் ஆராய்ச்சி தப்புன்னு என் வாயாலயே சொல்லணும்.

– அப்புடி என்னங்க ஆயிப்போச்சு?

– வாங்க, நீங்களே பாருங்க. நீங்க வளத்த எலியோட சிறுநீரகம்தான் இது. நடுவுல போறது ரத்தக்குழாய். அந்தச் சுவத்துல சிவப்பா ஏதாச்சும் தெரியுதா?

– தெரியுதுங்க. ஓரத்துல துளியூண்டு, குங்குமம் வெச்சாப்புல.

– அதுதான் ரெனின் சுரக்குற செல்லு. உடம்புல உப்பு கொறைஞ்சா ரத்த அழுத்தம் விழுந்துரும்ல? விழாம இருக்க இந்த செல்லு பெருகி, குழாய் நெடுகப் பரவணும். அதைக் காட்டத்தானே பாதி எலிங்களுக்கு உப்பில்லாத் தீனி போட்டோம். பரவல. உப்பு தின்ன எலிக்கும் தின்னாத எலிக்கும் ஒரே மாதிரி இருக்கு.

– ஒண்ணுல கூடவாங்க பரவல?

– உப்பில்லாத் தீனி தின்னதுல ஏழாம் கூண்டு எலிக்கு மட்டும் பரவியிருக்கு. குழாய் முழுக்கச் செவசெவன்னு. சார் பாத்துட்டு, இது ஏதோ நோய் புடிச்ச எலி, கணக்குல சேக்காதேன்னுட்டார். ஸ்லைடைத் தூக்கிப்போட மனசு வரல, ட்ராயர்ல கிடக்கு. ஒத்த எலிய வெச்சுக்கிட்டு நான் யார்கிட்டப் போய்ப் பேச?

– மறுக்கா ஒருவாட்டி பண்ணிப் பாத்தா?

– இத்தனை எலிய சும்மா கொன்னது போதாதா? ஒண்ணுமே நிரூபிக்காம இனி எலி கெடையாதுன்னு கமிட்டியில சொல்லிட்டாங்க. நான் என்னதான் பண்ணலைங்கிறீங்க? சாயத்த மாத்திப் பாத்தேன். தீனிய கோயமுத்தூருக்கு அனுப்பி டெஸ்ட் பண்ணேன், அதுல உப்பு சுத்தமா இல்ல. குந்தா அணையில கரண்ட் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புறாங்க, நம்ம லேபுல மட்டும் அடிக்கொருதரம் போவுது. ஃப்ரீசர்ல ஏதாச்சும் கெட்டுதோன்னு அதையும் பாத்துட்டேன். லவ்டேல் ஸ்கூல்ல டீச்சரா சேந்துரு கெஸியான்னு அப்பா தலைதலையா அடிச்சுக்கிட்டார். கேட்டிருக்கணும்.

– அழுவாதீங்க அம்மணி.

– அழல. எரிச்சல். நீங்க ஏன் கதவையே பாத்துட்டு நிக்கிறீங்க?

– ஒண்ணுமில்லீங்க. கூண்டு கழுவோணும்.

– கூண்டுதான் காலியா கிடக்கே. சுப்பண்ணா, தண்ணி பாட்டில் எல்லாம் நீங்கதானே வெச்சீங்க?

– நானுதானுங்க.

– அதுல எதாவது போட்டீங்களா?

– பிக்கட்டிப் பக்கம் எங்க ஊரு ஹட்டியில உப்பு ஹப்பான்னு ஒரு பண்டிகை வருமுங்க. எருமைகளுக்கு உப்புத் தண்ணி காட்டற நாளு. அன்னிக்கு வாயில்லாச் சீவன எவனும் உப்பில்லாம உடமாட்டான். எங்க ஊட்டுல இப்ப எருமை இல்லீங்க. என் கையில தின்னறது இந்த எலிகதான்.

– எலிக்கு உப்பு ஹப்பாவா?

– தீனியில உப்பே இல்லைன்னு நீங்கதான சொன்னீங்க? கூண்டுக் கம்பிய நக்கிட்டுக் கெடந்துச்சுங்க. பாத்துட்டு எப்புடிங்க சும்மா இருக்கறது?

– சரி. அந்த ஒரு நாள் மட்டும்தானே? அப்படின்னு சொல்லுங்க.

– ஹப்பாவுக்குத்தான் ஆரம்பிச்சேனுங்க. மறுநாள் பாட்டிலத் தூக்குனாலே ஓடி வந்து நிக்குதுக. அப்புறம் தெனமும் பாட்டிலுக்கு ஒரு சிட்டிகை.

– கடைசி வரைக்குமா?

– நீங்க அறுக்க எடுத்துட்டுப் போன அன்னிக்கு வரைக்குமுங்க.

– அப்போ உப்பு தின்னாத எலின்னு எங்கிட்ட ஒண்ணு கூட இருந்ததே இல்ல. உப்பு தின்னதையும் உப்பு தின்னதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, ஏன் வித்தியாசம் இல்லைன்னு மண்டைய ஒடச்சுக்கிட்டிருந்தேன். உங்களைத் திட்டக்கூட எனக்குத் தெம்பு இல்ல சுப்பண்ணா.

– எல்லாத்துக்கும் வெக்கலீங்க அம்மணி. ஏழாம் கூண்டுக்காரன் ஹப்பா அன்னிக்கே என் வெரலக் கடிச்சுப்போட்டான். அந்தக் கோவத்துல அவனுக்கு மட்டும் கடைசி வரைக்கும் வெறும் தண்ணிதானுங்க.