ஒரு கை மட்டும் நீளம்

முதல் ஸ்வெட்டர் பின்னுகிற எல்லோரும் நூலை இறுக்கித்தான் பிடிப்பார்களாம். நானும் அப்படித்தான். கண்ணிகள் ஊசியில் நகரவே நகராது, விரல் நுனி கன்றிப்போகும். "நூலு எங்கேயும் ஓடிடாதும்மா, கொஞ்சம் விட்டுப் பிடிங்க" என்று எனக்குப் பின்னச் சொல்லித்தந்த கம்பளிக்கடைக்கார அம்மா சிரிப்பார். உங்கள் மேஜைமேல் இருக்கும் அந்த ஸ்வெட்டரின் முதுகைத் தொட்டுப் பாருங்கள், அட்டை மாதிரி விறைப்பாக இருக்கும். முன்பக்கம் வருவதற்குள் கை பழகிவிட்டது. அது எனக்கே பிடித்திருக்கிறது.

அக்காவுக்காகத்தான் கற்றுக்கொண்டேன். பக்கவாதத்தில் அவளுக்கு இடது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சு குழறும், குரல் அடுத்த அறைக்கு எட்டாது. வலது கை ஒன்றுதான் அவள் சொன்னபடி கேட்டது. குளிர் ஆகவே ஆகாது என்று வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் சொன்னாள். தலைவழியாக மாட்டி அவளை இம்சைப்படுத்த முடியாது என்பதால், முன்னால் திறந்து பொத்தான் போடுகிற மாதிரி வேண்டும் என்று கடையில் கேட்டேன். பின்னி முடித்ததே கிடைத்தது. ஆனால் நான் அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன். எனக்கென்று ஒரு வேலை இருந்தால் தேவலை என்று தோன்றியது.

ஓர் அலுவலகத்தில் நான் கடைநிலை ஊழியராக இருந்தேன். அதிகாரி மணியை ஆட்டினால் போய் நிற்பதுதான் வேலை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். காய்ச்சலோடும் ஓடியிருக்கிறேன். ஓய்வு பெற்ற அன்று எல்லோரும் சேர்ந்து அந்தப் பித்தளை மணியையே காகிதம் சுற்றி எனக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். "இனிமே நீங்க அடிங்கம்மா, நாங்க ஓடி வர்றோம்" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அக்கா படுத்தபிறகு அதைக் கட்டிலின் தலைமாட்டில் தொங்கவிட்டு, மெல்லிய பட்டு நாடா ஒன்றைக் கட்டி, அவள் வலது கைக்கு எட்டும்படி விட்டேன். "இருமல் வந்து மூச்சு அடைச்சுச்சுன்னா உடனே தூக்கி உக்கார வெச்சிடணும். மணி சத்தம் கேட்டா எதையும் பாக்காதீங்க, ஓடிடுங்க" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். ஓடுவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பின்னத் தெரிந்தவர்களுக்குத்தான் இது புரியும். பாதி வரிசையில் எழுந்தால் எண்ணிக்கை போய்விடும். கண்ணி ஒன்று நழுவினால் கீழேவரைக்கும் ஓட்டை இறங்கும், எல்லாவற்றையும் பிரித்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அக்கா எப்போதும் பாதி வரிசையில்தான் அடிப்பாள். போவேன். திரையை இழுக்கச் சொல்வாள். திரும்பி வந்து உட்கார்ந்து ஊசியை எடுத்ததும் மறுபடி அடிப்பாள். "என்னக்கா?" என்பேன். "ஒண்ணுமில்லடி. நீ இருக்கியான்னு பாத்தேன்" என்பாள்.

அவளை எனக்குப் பிடிக்கும். அதில் சந்தேகம் வேண்டாம். மணியைத்தான் பிடிக்கவில்லை.

அந்த ஸ்வெட்டர் கைகளைப் பற்றிக் கேட்டீர்கள். கம்பளிக்கடைக்கார அம்மா இரண்டு கைகளையும் ஒரே ஊசியில் சேர்த்துப் பின்னச் சொல்லித்தருவார். இரண்டு நூல் உருண்டை, இந்தக் கையில் ஒரு வரிசை, அந்தக் கையில் ஒரு வரிசை. புதிதாகப் பின்னுகிறவர்கள் எண்ணிக்கையைக் கோட்டைவிட்டாலும், விட்டது இரண்டிலும் ஒரே மாதிரி வந்துவிடும். நீளமாகப் போனால் இரண்டும் நீளம், குட்டையானால் இரண்டும் குட்டை. துக்கம் விசாரிக்க வந்த அன்று அவர் அந்த ஸ்வெட்டரை எடுத்து இரண்டு கைகளையும் சேர்த்துவைத்துப் பார்த்தார். கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். நர்ஸிடம் நான் சொல்லியிருந்த "முதல் ஸ்வெட்டர், கை கொஞ்சம் நீண்டுபோச்சு" அவரிடம் செல்லாது என்று எனக்கும் தெரியும்.

இடது கை மணிக்கட்டில் முடிந்தது. அதை ஊசியிலிருந்து கழற்றினேன். வலது கையை விடாமல் பின்னினேன். விரல்களைத் தாண்டி ஒரு சாண் போனதும் நுனியை மூடித் தைத்தேன். குளிரில் அவள் விரல்கள் ஐஸாகக் கிடக்கும், அதற்காகத்தான் என்று சொல்லிக்கொண்டேன். இடது கை விரல்களும் ஐஸாகத்தான் கிடந்தன.

அதற்கு அளவு எடுத்ததும் நான்தான். நீட்டு என்றதும் அந்த ஒற்றைக் கையைக் குழந்தை மாதிரி நீட்டினாள். "எனக்குன்னு யாரும் இப்படி அளவெடுத்து ஒண்ணும் செஞ்சதில்லடி" என்றாள். அவள் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது, அது நடிப்பில்லை.

அவளுக்குப் போடுவதற்குமுன் நானே ஒருமுறை போட்டுப் பார்த்தேன். கட்டிலில் படுத்து நாடாவைப் பிடித்தேன். பிடிபடவில்லை. கம்பளிக்குள்ளிருந்து விரல் எவ்வளவு மடங்கினாலும் பட்டு நாடா வழுக்கிக்கொண்டே போனது. நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கு ஒரு திருப்தி. முதல் ஸ்வெட்டர் அல்லவா.

பொத்தானைப் போட்டுவிட்டபோது அவள் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாடாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "கதகதப்பா இருக்கா?" என்றேன். தலையை ஆட்டினாள்.

மதியம் முன்னறையில் உட்கார்ந்து மிச்ச நூலில் ஒரு குல்லா ஆரம்பித்தேன். இருமல் கேட்டது. கட்டில் கிறீச்சிட்டது. சுவரில் மெத்து மெத்தென்று ஏதோ படுகிற சத்தம். வரிசையை முடித்துக்கொண்டு போகலாம் என்று இருந்தேன். முடித்தேன். நிம்மதியாக இருந்ததால் அடுத்த வரிசையையும் முடித்தேன். ஒரு கண்ணிகூட நழுவவில்லை. வீடு சத்தமே இல்லாமல் இருந்தது. போய்ப் பார்த்தபோது அந்தக் கை நாடாவின்மேல் கிடந்தது.

இப்போது அவள் அடித்துக்கொண்டே இருக்கிறாள். மணியைக் கழற்றி, நாக்கில் கம்பளி நூலைச் சுற்றி, துணிக்குள் பொதிந்து பெட்டியில் போட்டேன். அப்படியும் கேட்கிறது. எழுந்து போகிறேன். கட்டில் காலியாக இருக்கிறது. ஒண்ணுமில்லடி, நீ இருக்கியான்னு பாத்தேன் என்கிறாள். வந்து உட்காருகிறேன், மறுபடியும் அடிக்கிறாள். பயமாக இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் போகிறேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். நீங்கள் எழுதியிருக்கும் வாக்குமூலத்தில் எதையும் மாற்ற வேண்டாம், ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு மணி அடிக்கவில்லை. அடித்திருந்தால் ஓடியிருப்பேன். மணி அடித்து நான் போகாத நாள் கிடையாது, அலுவலகத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.