படைத்த சோறு போன இடம்

"முன்னோருக்குப் படைச்ச சோத்தையெல்லாம் கக்கூஸ் டேங்குக்கு அனுப்பியிருக்கேன், மீனா."

கண்டரமாணிக்கம் பஸ்ஸில் முன்சீட்டு ஆச்சி இப்படிச் சொன்னதும் நான் காதில் ஓடிய பாட்டை நிறுத்திவிட்டேன்.

"என்ன ஆச்சி சொல்றீக?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"அமெரிக்காவுல மக வீட்டு சிங்குக்கு அடியில ஒரு மெஷினு. மிச்சத்த அரைச்சுத் தண்ணியோட அனுப்பிருது. வெளிய கொட்டுற படைச்ச சோத்த இனி நாய் மிதிக்காதுன்னு அப்பவே தோணிருச்சு. வந்ததும் வாங்கி மாட்டினேன்."

"அங்க ஊர்ப் பொதுக் குழாய்ல போயிரும். இங்க உங்க வீட்டு டேங்குலல்ல போயி அடையும்?"

"அது தோணலையே. ரெண்டு வருசமா எல்லாத்தையும் அதுலதான் போட்டேன். இந்தப் படைப்பன்னைக்கு டேங்கு நெறஞ்சு, பங்காளிக சாப்புடுறப்ப முத்தத்துல பொங்கிருச்சு. அரைச்ச சோறு மாவா மிதக்குது."

மீனா சிரிக்கத் தொடங்கி, அடக்கிக்கொண்டாள்.

"'அப்பச்சிக்கும் ஆத்தாளுக்கும் படைச்சத இந்தக் குழியிலயா கரைச்சீக?'ன்னு கொழுந்தனார் எலையவிட்டு எந்திரிச்சிட்டாக. பின்னாடியே எல்லாரும். இனி எங்க வீட்டுப் படைப்புக்கு வரமாட்டாகளாம்."

"மெஷினு?"

"அன்னைக்கே கழட்டிட்டேன்."

"இப்ப எங்க போறீக?"

"கொழுந்தனார் வீட்டுக்குத்தான். உள்ள கூப்புடலைன்னா வாசல்லயே நின்னு மன்னிப்புக் கேக்குறேன். அப்புறம் அடுத்த பங்காளி வீடு."